சரங் கோத்தலும் சொற்புணர்ச்சியும்

எக்கலைக்கும் முதற்பாடம் ஒன்றுண்டு. அது கற்பவன் உள்ளத்தில் அன்பை விளைத்தலும் உண்டு. அச்சத்தை விளைத்தலும் உண்டு. பண்டு திண்ணைப் பள்ளியில் மணல்மேல் விரல்பிடித்து எழுதுவித்த முதலெழுத்தை முதியோர் பலர் இறுதிவரை மறந்திலர். எழுதுவித்த உபாத்தியாயரின் இன்முகத்தையோ பிரம்பையோ அதனினும் மறந்திலர். கணினிக்கு நிரல் எழுதுங் கலையிலும் அத்தகைய முதற்பாடங்கள் சில உள. அவற்றுள் ஒன்றாகிய, சரத்தோடு சரத்தைக் கோக்கும் பாடத்தைப் பற்றி எமது கருத்தை இவ்வாண்டுமலரின் வாயிலாக ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் தெரிவிக்க விழைகின்றோம். இத்துணைச் சிறு பொருளுக்கு ஒரு கட்டுரையோவென நகைப்பார் உளராயின், சிறிது பொறுத்து, முற்றும் படித்தபின் நகைக்குமாறு வேண்டுகின்றோம்.

புதுச்சேரி நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறம் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்னும் ஐந்து கொம்யூன்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. வயலும் ஏரியும் சூழ்ந்த அவ்வூர்களிலிருந்து காலைப் பேருந்திலேறி நம் கல்லூரிக்கு வரும் மாணாக்கர் பலர். தங்குடியிற் கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்தவர் அவருட் சிலர். வீட்டிற் பேசுவதும் தமிழ். கனவு காண்பதும் தமிழ். இவர்கள் கணினிக்கூடத்திற் புகுந்து, திரையில் ஒரு வணக்கவுரையைத் தோன்றச் செய்தபின், அடுத்துக் கற்பது யாதெனின், இரண்டு சொற்களை ஒன்றாக இணைப்பதேயாம்.

கணினியார் எழுத்துக்களின் வரிசையைச் சரம் என்பர். ஆங்கிலத்தில் ஸ்ட்ரிங் என வழங்குவதற்குத் தமிழர் கண்ட பெயர் இது. பூச்சரத்திற் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்குமாறுபோல், இச்சரத்தில் எழுத்துக்கள் நிற்கும். எது எத்தனையாவது இடத்தில் நிற்கின்றதென்பது கணினிக்குத் தெரியும். அவ்வெழுத்துக்கள் கூடிப் பயக்கும் பொருள் யாதென்பது தெரியாது. ஒரு சரத்தின் வாலில் மற்றொரு சரத்தின் தலையைச் சேர்த்தற்குப் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய நிரல்மொழிகள் + என்னும் கூட்டற்குறியையே ஆளுகின்றன. இச்செயலுக்கு ஆங்கிலர் இட்ட பெயர், சங்கிலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. தமிழிலோ, தொடர் என்னும் ஒருசொல்லே சங்கிலிக்கும் பெயர். சொற்கள் கூடிய வாக்கியத்திற்கும் பெயர். ஆகவே இப்பாடத்திற்கு வேண்டிய எண்ணம் நம் மொழிக்குப் புதிதன்று.

இப்பாடத்தில் மாணாக்கர் முதலிற் காலிடறும் இடங்கள் இரண்டு. அவற்றை விரைந்து கூறி மேற்செல்வோம்.

ஒன்று, வெற்றிடம். பாகூர் என்னுஞ் சரத்தோடு ஏரி என்னுஞ் சரத்தைச் சேர்ப்பின் பாகூர்ஏரி எனவே கணினி காட்டும். இடையில் இடம்விட வேண்டுமாயின் அவ்விடத்தையும் ஓரெழுத்தாகக் கருதி நாமே கோத்தல் வேண்டும். ஈய எழுத்தால் அச்சுக் கோத்தவர்க்கு இது விளங்கிய உண்மை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே மையொற்றாத ஈயத்துண்டு ஒன்றைக் கையாலெடுத்து வைத்தாலன்றி, காகிதத்தில் இடைவெளி தோன்றாது. ஒன்றுமில்லாததைக் காட்டுதற்கும் ஒன்றை வைத்தல் வேண்டும்.

மற்றொன்று, எண். மேலைவயலில் 12 மூட்டையும் கீழைவயலில் 15 மூட்டையும் நெல் கண்ட உழவர் ஒருவரை எண்ணுக. அவர் மகன் அவ்விரண்டையும் கூட்ட நிரல் எழுதினான். கணினி 1215 மூட்டை என்றது! பைத்தானில், பயனர் தட்டெழுதித் தருவதனை யெல்லாம் கணினி முதலிற் சரமாகவே ஏற்கும். எண்ணாக மாற்றுமாறு நாம் பணித்தாலன்றி, கூட்டற்குறி கூட்டாது, கோக்கும். ஒருபுறம் சரமும் ஒருபுறம் எண்ணுமாகத் தருவோமாயின், பைத்தான் இணங்காது பிழையென மறுக்கும். ஜாவாஸ்கிரிப்டோ மறுமொழி கூறாது எண்ணையும் சரமாக்கிக் கோத்துவிடும். இவ்விரண்டனுள் மறுப்பதே மாணாக்கனுக்கு நல்ல ஆசிரியன் என்பது எமது துணிபு.

இவ்விடத்தில் தமிழறிந்த ஆசிரியர் ஒருவர் இருப்பாராயின் ஓர் அரிய உதாரணத்தை எளிதிற் காட்டலாம். பத்து முன்னும் ஐந்து பின்னுமாக நின்று புணரின் பதினைந்து. ஐந்து முன்னும் பத்து பின்னுமாக நின்று புணரின் ஐம்பது. முன்னையது கூட்டல், பின்னையது பெருக்கல். பத்தும் ஆறும் பதினாறு. ஆறும் பத்தும் அறுபது. எண்ணைக் கூட்டுங்கால் எது முன் எது பின் என்பது பற்றிக் கவலையில்லை. சொல்லைக் கோக்குங்கால் முன்பின் மாறின் பொருளே மாறும். இவ்வேற்றுமையை விளக்கும் பாடநூல்கள் அயல்நாட்டு உதாரணங்களைத் தேடி அலைகின்றன. நம் சந்தையில் நாடோறும் எண்ணும் சிறுவனின் நாவில் அவ்வுதாரணம் இருக்கின்றது.

இனி, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவோம். நம் கணினிக்கூடத்தில் ஒருநாள் ஒரு பயிற்சி தரப்பட்டது. தந்தையின் பெயரையும் தன் பெயரையும் இரண்டு சரங்களாகப் பெற்று, தந்தை பெயரின் முதலெழுத்தை எடுத்து, ஒரு புள்ளியும் வெற்றிடமும் சேர்த்து, அதன்பின் தன் பெயரைக் கோத்துக் காட்டுக என்பது பயிற்சி. தமிழர் பெயரெழுதும் முறைக்கு இயைந்த நற்பயிற்சியே. பாகூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் நிரலைச் செவ்வனே எழுதினான். தந்தை பெயர் முருகன், மகன் பெயர் கண்ணன் எனக் கொள்வோம். உண்மைப் பெயர்கள் வேறு. திரையில் தோன்றியது மு. கண்ணன் அன்று, ம. கண்ணன்! தான் தவறியதாக எண்ணி அவன் மும்முறை அழித்தெழுதினான். மும்முறையும் அதுவே வந்தது. பக்கத்திலிருந்தவன் ஆங்கில எழுத்தால் தட்டெழுதி, எம். என்னும் முதலெழுத்தைப் பிழையின்றிப் பெற்றான். அதனைக் கண்ட நம் மாணவன் யாது செய்தான்? நிரலைத் திருத்தினானல்லன். தன் தந்தையின் பெயரைத் தமிழினின்று ஆங்கிலத்திற்கு மாற்றினான். பயிற்சி முடிந்தது, முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

அன்று அவன் கற்றது யாது? சரங் கோத்தலையன்று. தன் மொழி கணினிக்குப் பொருந்தாதது, பிழையுடையது, வெளியே விட்டுவரத் தக்கது என்பதனையே அவன் கற்றான். அவனுக்கு அதனை ஒருவரும் வாயாற் சொல்லிற்றிலர். நம் வாளாவிருத்தலே அப்பாடத்தைப் புகட்டியது.

உண்மை யாதெனின், பிழை மொழியினுடையதன்று, மாணவனுடையதுமன்று. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் வகுத்த யூனிகோடு என்னும் முறையில், 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் ம என்பதற்கு ஓரெண். உகரக் குறிக்கு வேறோரெண். மு என்பது அவ்விரண்டன் சேர்க்கை. மெய்யின் மேலுள்ள புள்ளிக்கும் தனியெண் உண்டு. ஆதலின் புதுச்சேரி என்னுஞ் சொல்லில் நாம் காணும் எழுத்துக்கள் 5. பைத்தான் எண்ணுவன 10. வில்லியனூர் நமக்கு 6, அதற்கு 11. முதலெழுத்தைத் தருக எனின், முதலெண்ணுக்குரிய ம மட்டும் வருவது அதனாலேயே. அன்பழகன், ஆறுமுகம், சண்முகம் என்றாற்போல உயிரையேனும் அகரமேறிய மெய்யையேனும் முதலாகவுடைய பெயர்களில் இப்பிழை வெளிப்படாது. ஆசிரியர் அத்தகைய பெயரொன்றை இட்டுச் சோதித்து, நிரல் செம்மையானதென விட்டுவிடுவர். முருகன் மகன் வரும்வரை பிழை பதுங்கியிருக்கும்.

எழுத்தை உறுப்புக்களாகப் பகுத்தல் புதுமையன்று. பழைய அச்சுக்கூடத்தில் மு என்பது ஒரே வார்ப்பு. கொ என்பதற்கோ முன்னொரு கொம்பும், நடுவே ககரமும், பின்னொரு காலுமாக மூன்று துண்டுகளை எடுத்துக் கோத்தனர். கணினி மு என்பதனை இரண்டாக்குகின்றது. கொ என்பதனையும் இரண்டாக்குகின்றது, சிலவிடத்து மூன்றுமாக்குகின்றது. நம் கொம்யூன் என்னுஞ் சொல்லின் முதலெழுத்தைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாலும் எழுதலாம். கொம்பு வேறு கால் வேறாக இரு குறியாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் ஒப்பென்றே யூனிகோடு விதிக்கின்றது. ஆயினும் நிரலெழுதுவோன் அவற்றை முதலில் ஒருபடித்தாக்காவிடின், கணினி இரண்டையும் வெவ்வேறு சொல்லெனக் கூறிவிடும். கருவிக்கேற்பப் பகுப்பு மாறும். ஆயின் இலக்கணத்திற்கும் செவிக்கும் மு ஓரெழுத்து, கொ ஓரெழுத்து என்பது மாறாது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் மயங்கிய நிலைகண்டு, அவற்றின் வேற்றுமை தெளிவுறக் கொம்பையும் சுழியையும் திருத்தியமைத்தவர் வீரமாமுனிவர் என்பர். கடல்கடந்து வந்த பாதிரியார் ஒருவர் தமிழெழுத்தின் பொருட்டு அத்துணைக் கவலை கொண்டாராயின், தமிழிற் பிறந்து இத்தகைய கல்லூரியில் இருக்கும் நாம் முதலெழுத்தொன்றைச் செவ்வனே வெட்டத் தெரியாதிருத்தல் தகுமோ?

உ. வே. சாமிநாதையர் பெயரை நோக்குக. உத்தமதானபுரம், வேங்கடசுப்பையர், சாமிநாதையர் என்னும் மூன்று சொற்களைக் கொடுத்து, முதற்குறிகளை எடுத்துப் புள்ளியிட்டுக் கோக்குமாறு பணிப்பின், கணினி காட்டுவது உ.வ.ச. என்பதேயாம். ஏடு தேடி ஊரூராய் அலைந்து, எழுத்தெழுத்தாய் ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவரின் பெயரே இரண்டு எழுத்து ஊனமுற்று நிற்கின்றது. குறிகளை எண்ணாது எழுத்துக்களை எண்ணுமாறு நிரலைத் திருத்தினால் உ.வே.சா. எனச் செம்மையாக வரும்.

அத்துடன் வேலை முடிந்ததோவெனின், இல்லை. திரு. வி. கலியாணசுந்தரனார் பெயரை அடுத்து இடுக. திருவாரூர், விருத்தாசலம், கலியாணசுந்தரம் என்பவற்றினின்று, திருந்தாத நிரல் த.வ.க. என்னும், திருந்திய நிரல் தி.வி.க. என்னும். உலகம் அறிந்த திரு.வி.க.வை இரண்டும் தாரா. ஏனெனின், அவர் தம் ஊர்ப்பெயரினின்று எடுத்துக்கொண்டது ஓரெழுத்தன்று, ஈரெழுத்து. பெயரென்பது உடையவரின் உரிமை. விதியால் வெட்டி விதியாற் கோத்துக்கொள்ளும் பொருளன்று. இவ்வுண்மையை மாணாக்கன் முதலாண்டிலேயே உணர்வானாயின், நாளை அவன் அலுவலகங்களுக்கு அமைக்கும் நிரல்களால் எத்தனையோ ஏழைகளின் அலைச்சல் குறையும்.

அலைச்சல் என்பது மிகையன்று. பள்ளிச் சான்றிதழில் ஒரு முதலெழுத்தும் குடும்ப அட்டையில் வேறொரு முதலெழுத்துமாக நின்று, இரண்டும் ஒருவரே என மெய்ப்பித்தற்கு வேலைநாள் கூலியை இழந்து அலுவலகந்தோறும் திரிவோரை நாம் கண்டதுண்டு. யோர்தான் ஆற்றுத் துறையில் ஷிபோலேத் என்பதனைச் சிபோலேத் எனப் பலுக்கியமையால் மாண்ட எப்பிராயீமியரின் கதையை நியாயாதிபதிகள் ஆகமத்திற் கற்றிருக்கின்றோம். ஓரெழுத்தின் வேற்றுமை ஒருவனை உள்ளே விடுதற்கும் வெளியே தள்ளுதற்கும் போதியதாயிற்று. இன்று உயிர் போவதில்லை. உதவித்தொகை போகின்றது, வேலைக்குரிய நாள் போகின்றது. தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில், பெயரின் முதலெழுத்தும் தமிழிலேயே அமைதல் வேண்டுமென ஆணை பிறப்பித்தது. ஆணை நன்று. அதனை நிறைவேற்றும் நிரல் மு என்பதனை ம என வெட்டுமாயின், ஆணையால் வரும் பயன் யாது?

புதுச்சேரியில் இச்சிக்கல் பின்னும் ஒரு முடிச்சுடையது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1881ஆம் ஆண்டுக் கட்டளையின்படி தம் சாதிவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர், குடும்பப் பெயரொன்றையும் தெரிந்துகொண்டனர். அவர் வழிவந்தோர்க்கு முதற்பெயரும் குடும்பப் பெயரும் உண்டு. அடுத்த வீட்டாருக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமே உண்டு. குடும்பப் பெயர் என ஒன்றில்லை. முதற்பெயரையும் கடைப்பெயரையும் கோத்து முழுப்பெயர் காண்க என்னும் பயிற்சி அயல்நாட்டுப் பாடநூல்களில் யாண்டும் காணப்படுவது. ஒரே தெருவில் இரு முறையும் வழங்கும் இந்நாட்டு மாணாக்கனுக்கு, அப்பயிற்சி முதல்வரியிலேயே ஐயத்தை விளைக்கும். அவ்வையம் அறியாமையன்று, அறிவு. அதனை அடக்காது வளர்த்தல் ஆசிரியர் கடன்.

இதுகாறும் முதலெழுத்தைப் பற்றிக் கூறினோம். இனி, கோத்தல் என்னும் செயலையே நோக்குவோம். தமிழிலக்கணத்தார் இச்செயலைப் புணர்ச்சி என்றனர். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதி இதனைப் பற்றியது. நன்னூல் எழுத்ததிகாரத்து ஐந்தியல்களில் மூன்று இதற்கே உரியன. முன்னிற்கும் சொல் நிலைமொழி; பின்வருஞ் சொல் வருமொழி. இரண்டும் மாறாது கூடின் இயல்பு புணர்ச்சி. மாறிக் கூடின் விகாரப் புணர்ச்சி. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும்.

இம்மூன்றனுக்கும் உதாரணம் தேடி நூலகம் செல்ல வேண்டுவதில்லை. பேருந்தில் ஏறி அமர்ந்து சன்னல் வழியே பார்த்தல் போதும். சங்கராபரணியாற்றங் கரையில் திரு என்பதும் காஞ்சி என்பதும் கூடித் திருக்காஞ்சி ஆகின்றன. இடையே ஒரு ககரவொற்றுத் தோன்றிற்று. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பர். நெல்லின் லகரம் றகரமாய்த் திரிந்தது. உழவர் செலுத்தும் நிலவரியில் நிலத்தின் மகரம் கெட்டது. வில்லியனூருக்கு அண்மையில் ஊசுடு என்னும் ஊரின் ஏரி ஊசுட்டேரி என வழங்குகின்றது; ஈற்றுகரம் கெட்டு, டகரவொற்று இரட்டித்து, அதன்மேல் ஏகாரம் ஏறி நின்றது. இத்தனையும் கல்லாத மூதாட்டியின் வாயில் ஒரு நொடியில் நிகழ்கின்றன. கூட்டற்குறியால் கணினி தருவன திருகாஞ்சி, நெல்களஞ்சியம், நிலம்வரி, ஊசுடுஏரி என்பனவே.

கீழூரை எடுத்துக்கொள்வோம். கீழ் என்பது கணினிக்கு 4 குறி. ஊர் என்பது 3 குறி. கோத்தால் 7 குறியுடைய கீழ்ஊர் வரும். நாம் எழுதும் கீழூரில் 6 குறிகளே உள. ழகரத்தின் புள்ளியை நீக்கி, தனித்து நின்ற ஊகாரத்தை அதன் சார்புக்குறியாக மாற்றினாலன்றி அப்பெயர் பிறவாது. இரண்டு சொற்களும் தத்தம் உறுப்பொன்றை விட்டுக்கொடுத்த பின்னரே ஒரு சொல் உண்டாயிற்று. இம்மாற்றத்தைச் செய்யும் நிரல் பத்து வரிக்கு மேற்போகாது. நிலைமொழி புள்ளியால் முடிகின்றதா, வருமொழி உயிரால் தொடங்குகின்றதா, ஆயின் இது செய்க என்னும் நிபந்தனைகளே அதன் உள்ளுறை. ஆழ்ந்து நோக்கின், நன்னூலாரின் புணரியற் சூத்திரங்களும் அவ்வடிவினவே: ஈறு இதுவாய், முதல் இதுவாயின், விளைவு இது. பள்ளியில் இதனை மனனம் செய்து சலித்த மாணாக்கன், தான் அறியாமலே நிரலியற்றலின் பாதியைக் கற்றிருக்கின்றான். அவனிடம் அதனைச் சொல்வார்தாம் இலர்.

கணினி புணர்ச்சியறியாதது ஒரு குறையாகுமோவெனின், ஆகாதென்போம். கொடுத்ததைக் கொடுத்தவாறே சேர்ப்பது அதன் நேர்மை. வங்கிக் கணக்கின் எண்ணையும் கடவுச்சொல்லையும் தன் விருப்பப்படி திரித்துக் கோக்குமாயின் உலகம் தாங்காது. பாரதிதாசன் என்பதில் தகரம் மிகாமை போலப் பெயர்ச்சொற்களில் விலக்குகளும் பல உள. அவற்றை யெல்லாம் இயந்திரம் தானே துணிந்து செய்தல் அஞ்சத்தக்கது. கூட்டற்குறி இயல்பு புணர்ச்சி ஒன்றையே கற்ற உண்மையான ஏவலாள். விகாரத்தை அதற்குக் கற்பிப்பவன் மனிதன். எது இயந்திரத்தின் வேலை, எது நம் வேலை என்னும் வரம்பை மாணாக்கன் காண்பதற்கு இதனினும் தெளிவான இடம் வேறில்லை.

எம் கருத்தை மறுப்போர் கூற்றையும் கேட்போம். நிரல்மொழிகள் ஆங்கிலச் சொற்களால் ஆயவை. வேலை தருவோர் ஆங்கிலம் கேட்கின்றனர். முதலாண்டு மாணாக்கர்க்குத் தமிழெழுத்தின் சிக்கலையும் சுமத்தின் அவர் தளர்ந்து விழுவர் என்பர் அவர். இம்மூன்றனுள் முதலிரண்டும் உண்மையே. ஆங்கிலத்தை விலக்குமாறு நாம் கூறவில்லை. கயிறு ஆங்கிலமாயிருக்கலாம், கோக்கும் பூ நம் தோட்டத்துப் பூவாயிருத்தற்குத் தடையென்ன? பைத்தானின் மூன்றாம் பதிப்பு, 2008ஆம் ஆண்டு முதல், சரங்களை யூனிகோடு முறையிலேயே கொள்கின்றது. தமிழை இடுதற்கு ஒரு தனிக் கருவியும் வேண்டா. மூன்றாவது கூற்றை யாம் உடன்படோம். சிக்கல் தமிழில் மட்டும் உள்ளதன்று. உயிர்க்குறியேற்கும் இந்திய எழுத்துக்கள் பலவற்றிலும் உள்ளது. ஆங்கில எழுத்து ஒன்றையே கண்டு பழகியவன், ஒரு குறி ஓரெழுத்து என்னும் பொய்யை மெய்யெனக் கொண்டு பட்டம் பெறுவான். தமிழை இட்டுப் பார்த்தவன் அப்பொய்யை முதல் மாதத்திலேயே காண்பான். உலகம் முழுதும் விற்பனையாகும் மென்பொருளை ஆக்குவோர்க்கு இவ்வறிவு வேண்டும். நம் மாணாக்கனுக்கு அது குறைபாடன்று. முற்பட நிற்றற்குரிய கைம்முதல்.

வழிகாட்டிகளும் இல்லாமலில்லை. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை அதனை விளக்கி 2009ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். ஓப்பன்-தமிழ் என்னும் நிரல் தொகுதி, தமிழ்ச் சரத்தைக் குறிகளாகவன்றி எழுத்துக்களாகப் பிரித்துத் தருகின்றது. யாவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். ஆக, வேண்டுவது பொருளன்று, மனம்.

எமது வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, சரங் கோத்தல் பாடத்தின் முதல் உதாரணம் மாணாக்கனின் ஊர்ப்பெயராகவும் அவன் பெயராகவும், தமிழெழுத்தில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, சரத்தின் நீளத்தைக் கற்பிக்கும் அன்றே, குறி வேறு எழுத்து வேறு என்பதனைப் புதுச்சேரி என்னும் சொல்லாற் காட்டுதல் வேண்டும். மூன்றாவது, உ.வே.சா. திரு.வி.க. என்னும் இரண்டு பெயர்களும் முதலெழுத்துப் பயிற்சியின் சோதனையாக இருத்தல் வேண்டும். முன்னது நிரலைத் திருத்தும், பின்னது நிரலாளனைத் திருத்தும். நான்காவது, பருவத்தின் இறுதியில் தமிழ்த்துறையாரும் கணினித்துறையாரும் கூடி, புணர்ச்சி விதி ஒன்றை நிரலாக்கும் பயிற்சியை நடத்துதல் வேண்டும். ஒரே வளாகத்தில் இருந்தும் ஆண்டுவிழாவிலன்றிச் சந்தியாத இவ்விரு துறையாரும் புணர்தற்கு அது நல்ல இடமாகும். இரு சாராரும் சிறிது விட்டுக்கொடுத்தல் வேண்டுவதே.

பாகூர் கல்வியில் நேற்றுப் பிறந்த ஊரன்று. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது எட்டாம் ஆட்சியாண்டில், அங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. வடமொழியும் தமிழும் அவ்வேடுகளிற் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அக்காலத்தார் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விட்டெழுதும் வழக்கமுடையரல்லர்; எழுத்துக்களை ஒரே தொடராகச் செம்பில் வெட்டினர். எங்கே ஒரு சொல் முடிந்து எங்கே மறுசொல் தொடங்குகின்றதென்பதைப் புணர்ச்சியறிந்தவனே பிரித்துப் படித்தல் கூடும். கோத்தலும் பிரித்தலும் அறிந்தவனே அந்நாளிற் கற்றவன் எனப்பட்டான். இந்நாளிலும் அவ்வாறே.

முன்கூறிய கீழூரிற்றான், 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இசைந்து, இந்நாட்டை இந்தியாவோடு இணைக்க முடிவு செய்தனர். இணைப்பு என்பது இழப்பன்று என்பதனை நம் மக்கள் அன்று அறிந்திருந்தனர். கணினியுலகத்தோடு நம் மாணாக்கர் இணைவதும் அங்ஙனமே ஆகுக. தந்தையின் பெயரை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லுமாறு நாம் அவர்களைப் பணித்தல் வேண்டா. அடுத்த ஆண்டு அக்கூடத்தில் முருகன் மகனொருவன் அமர்ந்து தட்டெழுதுங்கால், திரையில் மு. என்னும் எழுத்துத் தோன்றுவதாக. தோன்றாவிடின், அவன் திருத்த வேண்டியது தன் பெயரையன்று, நிரலையே என்று சொல்லுதற்கு அருகில் ஓர் ஆசிரியர் இருப்பாராக.